ஒரு வரி போதும்

உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் ஒரு கல்லூரி மாணவியின் சாதிச் சான்றிதழை எடுத்துக்கொள்வோம். பெயர், அப்பா பெயர், கிராமம், வட்டம், மாவட்டம், சாதியின் பெயர், அது எந்தப் பிரிவில் வருகிறது, எந்த அரசாணைப்படி, கையெழுத்திட்டவர் யார் எல்லாம் அதில் இருக்கும். பணம் கொடுப்பவருக்கு வேண்டியது ஒரே வரி: இவர் இந்தப் பிரிவைச் சேர்ந்தவர். சாதியின் பெயர் தெரிந்து அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனாலும் அந்தப் பெயர் ஜெராக்ஸ் கடை, வகுப்பு ஆசிரியர், அலுவலக உதவியாளர், கணினியில் ஏற்றும் தற்காலிக ஊழியர் என்று பல கண்களைக் கடந்துதான் பைலுக்குப் போய்ச் சேருகிறது. நம் ஊரில் ஒரு பிள்ளையின் சாதிப் பெயர் வகுப்பறைக்குள் பரவினால் என்ன நடக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த ஒரு வரியை மட்டும் காட்டி, மற்றதை எல்லாம் மறைத்து, இது தாலுகா அலுவலகம் உறுதி செய்ததுதான் என்று ஐயமற நிரூபிக்க முடியுமா? முடியும். அதற்கான மென்பொருள் எழுதுவதுதான் சில ஆண்டுகளாக எனக்குச் சோறு போடும் வேலை. சென்னையில் ஒரு சிறிய நிறுவனம். வேலையின் பெயரைச் சொன்னால், "ஓ, பிளாக்செயினா?" என்பார்கள். இல்லை என்று விளக்குவதற்குள் பேச்சு கிரிக்கெட்டுக்குப் போயிருக்கும்.

பிளாக்செயினைவிட இந்தக் கணிதம் மூத்தது. அமெரிக்கரான டேவிட் சாம் 1982இல் குருட்டுக் கையொப்பம் என்ற யோசனையை முன்வைத்தார். கார்பன் தாள் வைத்த உறைக்குள் ஒரு சீட்டைப் போட்டு ஒட்டிக் கொடுத்தால், அதிகாரி உறையின் மேலே கையெழுத்துப் போடுவார். உள்ளே இருக்கும் சீட்டில் கையெழுத்து விழும். அவர் சீட்டைப் பார்த்திருக்க மாட்டார். 1985இல், அடையாளம் சொல்லாமலே பாதுகாப்பாகக் கொடுக்கல் வாங்கல் செய்யலாம் என்று ஒரு முழுக் கட்டுரையில் வாதாடினார். அதே ஆண்டு கோல்ட்வாசர், மிக்காலி, ரேக்காஃப் மூவரும், ஒரு கூற்று உண்மை என்பதைத் தவிர வேறு எதையும் வெளியிடாத 'ஜீரோ நாலெட்ஜ்' நிரூபணம் சாத்தியம் என்று காட்டினார்கள். 2001இல் யான் கேமனிஷ், அன்னா லிசியான்ஸ்கயா இருவரும் இவற்றைச் சேர்த்து, பெயர் சொல்லாமல் தகுதியை மட்டும் காட்டும் சான்றுக்கு நடைமுறைக்கு ஏற்ற வடிவம் கொடுத்தார்கள். பெரும்பாலான மக்கள் கையில் செல்போன் வருவதற்கு முன்பே, கணிதத்தின் கடினமான பகுதி முடிந்துவிட்டது. பிறகு இத்தனை ஆண்டுகள் ஏன் நாம் ஜெராக்ஸ் கடை வாசலில் நிற்கிறோம் என்பதுதான் கேள்வி.

இன்று புழக்கத்தில் உள்ள வழிகள் இரண்டு. முதலாவது எளியது. சான்றின் ஒவ்வொரு வரியோடும் ஒரு தற்போக்கு எண்ணைச் சேர்த்து ஹாஷ் எடுப்பார்கள். ஹாஷ் என்பது அந்த வரியிலிருந்து கணக்கிட்டுப் பெறும் எண்; எண்ணிலிருந்து வரியைத் திரும்பப் பெற முடியாது. வழங்குபவர் இந்த ஹாஷ்களின் பட்டியலில் கையொப்பமிடுவார். சான்று வைத்திருப்பவர் தான் காட்ட விரும்பும் வரியையும் அதன் தற்போக்கு எண்ணையும் மட்டும் கொடுப்பார். கேட்பவர் ஹாஷ் எடுத்துப் பட்டியலோடு ஒத்துப்பார்ப்பார். எஸ்டி-ஜேடபிள்யூடி என்ற வடிவமும், செல்போனில் வைக்கும் ஓட்டுநர் உரிமத்துக்காக 2021இல் வந்த ஐஎஸ்ஓ 18013-5 தரமும் இப்படித்தான் வேலை செய்கின்றன.

இதில் ஒரு பொத்தல். போகிற இடமெல்லாம் அதே ஹாஷ் பட்டியலும் அதே கையொப்பமும் போகின்றன. மருந்துக் கடையும் வங்கியும் தங்கள் பதிவுகளை ஒப்பிட்டால், பெயர் எங்கேயும் இல்லாவிட்டாலும் இரண்டு இடத்துக்கும் வந்தது ஒரே ஆள் என்று தெரிந்துவிடும். மறைத்தது பெயரை, கையொப்பமே பெயராகிவிட்டது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சான்றுகளைக் கட்டாகக் கொடுத்து வைப்பது இதற்கு வழக்கமான வைத்தியம். வேலை செய்யும், ஆனால் அழகில்லை.

இரண்டாவது வழி பிபிஎஸ். போனே, பாயன், ஷாச்சம் மூவர் 2004இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இருந்து வந்த பெயர். இதில் கையொப்பத்தைக் காட்டுவதே இல்லை. கையொப்பம் என்னிடம் இருக்கிறது என்ற நிரூபணத்தை மட்டும் காட்டுகிறோம். அந்த நிரூபணம் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்கும். இரண்டு நிரூபணங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் ஒரே ஆளுடையதா என்று சொல்ல முடியாது. முதன்முதலில் இதை ஓடவிட்டுப் பார்த்த நாளில் எனக்கு வந்த மகிழ்ச்சியை வீட்டில் யாரிடமும் பகிர்ந்துகொள்ள முடியவில்லை.

பிபிஎஸ் இவ்வளவு நன்றாக இருந்தும் ஐரோப்பிய ஒன்றியம் தன் குடிமக்களுக்கான டிஜிட்டல் வாலட் திட்டத்தை முதல் வழியில்தான் தொடங்கியது. காரணம் மிகச் சாதாரணமானது: போனுக்குள் சாவியைப் பத்திரமாக வைத்திருக்கும் பாதுகாப்புச் சிப்புக்கு பிபிஎஸ் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் இசிடிஎஸ்ஏ போன்ற பழைய கையொப்ப முறைகள். 2024இல் கேமனிஷும் லிசியான்ஸ்கயாவும் உள்பட கிரிப்டோகிராஃபி அறிஞர்கள் பலர் சேர்ந்து, இந்த வடிவமைப்பு தனியுரிமையைக் காக்காது என்று ஒன்றியத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். அதே ஆண்டு மாத்தேயோ ஃபிரிகோ, அபி ஷெலட் இருவரும் வேறு பக்கமாக வந்தார்கள்: சிப்பை மாற்ற முடியாதா, சரி, பழைய இசிடிஎஸ்ஏ கையொப்பத்தின் மீதே ஜீரோ நாலெட்ஜ் நிரூபணத்தைப் போனில் ஓடும் வேகத்துக்குக் கொண்டுவருகிறோம். கூகுள் அந்த நிரலை 2025இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. என் துறையில் அண்மைக் காலத்தில் நடந்த மிக உருப்படியான காரியம் இதுதான் என்பேன்.

பிளாக்செயின் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யாருடைய சர்வரையும் நம்பாமல், தன் அடையாள முகவரியைத் தானே உருவாக்கிக்கொள்ளும் 'டிஐடி' என்ற ஏற்பாட்டை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2022 ஜூலையில் தரமாக அறிவித்தது. கூகுள், ஆப்பிள், மொசில்லா மூன்றும் ஆட்சேபித்தன. ஆட்சேபம் தள்ளுபடி ஆயிற்று. அதற்குள் டிஐடியில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் முளைத்திருந்தன. ஒன்று பேசுவது இன்னொன்றுக்குப் புரியாது. பிளாக்செயினில் டிஐடிகளைப் பதிந்துவைப்பதில் முன்னோடியாக இருந்த சாவ்ரின் வலைப்பின்னல் 2025இல் மூடப்பட்டது. என் கணிப்பில், சான்று வைத்திருக்கும் சாதாரண மனிதருக்கு பிளாக்செயின் என்ற பொது லெட்ஜர் தேவையே இல்லை. வழங்குபவரின் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் பொதுச் சாவியை நம்பகமாக ஓரிடத்தில் வைத்தால் போதும். அதற்கு ஒரு அரசு இணையதளமே தாராளம்.

இந்தியாவுக்கு வருவோம். ஆதார் அட்டையில் இருக்கும் க்யூஆரில், அதை வழங்கும் யுஐடிஏஐ ஆணையத்தின் 2048 பிட் ஆர்எஸ்ஏ கையொப்பம் இருக்கிறது. இணையம் இல்லாமலே அசலா போலியா என்று சொல்லிவிடலாம். நல்ல வடிவமைப்புதான். ஆனால் பெயர், பிறந்த தேதி, முகவரி, புகைப்படம் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போட்ட ஒரே கையொப்பம் அது. ஒன்றை மறைத்தாலும் ஒத்துவராது. 18 வயது ஆகிவிட்டது என்று காட்டுவதற்குக் கதவு எண்ணையும் காட்டியாக வேண்டும். இந்தக் க்யூஆரின் மேல் ஜீரோ நாலெட்ஜ் நிரூபணம் எழுதிய 'அனான் ஆதார்' என்ற திறந்த மூலத் திட்டம் உண்டு. விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில் அதை ஓட்டினால் கவுன்டரில் பின்னால் நிற்பவர் பொறுமை இழப்பார்.

நாங்கள் செய்தது சிறிய சோதனை முயற்சி. தென் மாவட்டம் ஒன்றில் மாணவர்களுக்கு உதவித்தொகை தரும் தனியார் அறக்கட்டளை. மாணவர்களின் சாதி, வருமானச் சான்றிதழ்களை அசலோடு ஒருமுறை சரிபார்த்து டிஜிட்டல் சான்றாக மாற்றிக் கொடுப்பது. பிறகு அவர்கள் விண்ணப்பிக்கும் இடங்களில் வேண்டிய வரியை மட்டும் காட்டுவது. வருமானம் எவ்வளவு என்று சொல்லாமல், ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் என்பதை மட்டும் நிரூபிக்கலாம். காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. வேலை தொடங்கியதும் தமிழ்ப் பெயர்கள் வந்து நின்றன.

வருமானச் சான்றும் சாதிச் சான்றும் ஒரே ஆளுடையவை என்று பெயரை வெளியிடாமல் நிரூபிக்க வேண்டும். பெயர்கள் இரண்டும் சமம் என்று காட்டினால் ஆயிற்று என்று தோன்றும். ஒன்றில் 'மு. செல்வி', இன்னொன்றில் 'செல்வி மு', பள்ளி மதிப்பெண் பட்டியலில் 'செல்வி முருகன்'. கவுன்டரில் இருப்பவர் ஒரு பார்வையில் இது ஒரே பெண் என்று முடிவு செய்துவிடுவார். கணிதத்துக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. ஒரு புள்ளி கூடினாலும் வேறு ஆள்.

எழுத்தே பகை ஆவதும் உண்டு. 'கோமதி' என்ற பெயரில் 'கோ' யூனிகோடில் இரண்டு விதமாக அமையும். 'ோ' என்ற ஒரே குறி ஒரு விதம். இரட்டைக் கொம்பு ஒரு குறி, கால் ஒரு குறி என்று இரண்டாகப் போடுவது இன்னொரு விதம். திரையில் இரண்டுக்கும் மயிரிழை வேறுபாடுகூட இருக்காது. ஹாஷ் எடுத்தால் வானத்துக்கும் பூமிக்கும். இதற்காவது விதி இருக்கிறது: ஹாஷ் எடுப்பதற்கு முன் என்எஃப்சி என்ற சீரான வடிவத்துக்கு மாற்றிவிடலாம். கௌசல்யாக்களுக்கு அந்த விதியும் உதவாது. பாதிப் பேர் 'ௌ' தட்டாமல், கொம்பு போட்டு 'ள' தட்டி 'கெளசல்யா' என்றே எழுதுகிறார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரிகிறது. ஆனால் யூனிகோடின் கணக்கில் அந்த ள உண்மையான ள. எந்தச் சீராக்கமும் அதைத் தொடாது, தொடவும் கூடாது. தொட்டால் 'தெளிவு' என்ன ஆகும்?

கடைசியில் பெயரை நம்புவதையே விட்டோம். இ-சேவை வழியாகச் சான்றிதழ் கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு கேன் எண் உண்டு. அதை இரண்டு சான்றிலும் மறைவான வரியாக வைத்து, எண்ணைச் சொல்லாமல், இரண்டிலும் இருப்பது ஒரே எண் என்று நிரூபித்தோம். கிரிப்டோகிராஃபி தெரிந்தவர்கள் கூடும் இடத்தில் இதைச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் கடந்துவிடுவார்கள். எங்களுக்கு அந்த முயற்சியிலேயே அதிக நேரம் தின்ற பகுதி இதுதான்.

இன்னொரு கசிவை என்னோடு வேலை பார்த்த பெண் கண்டுபிடித்தார். எஸ்சி, எஸ்டி மாணவர்கள் இரு சாராருக்கும் பொதுவான கட்டணச் சலுகை ஒன்று. இரண்டில் ஏதோ ஒன்று என்று மட்டும் நிரூபித்தால் போதும்; எது என்று சொல்ல வேண்டாம். நிரூபணத்தை அழகாக எழுதியிருந்தோம். இதை நாளை அரசே வழங்கினால், ஒவ்வொரு அதிகாரியும் தன் சாவியால் கையொப்பமிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். தமிழ்நாட்டில் பழங்குடியினர் சான்றிதழைத் தருவது கோட்டாட்சியர். எஸ்சி சான்றிதழைத் தருவது தாசில்தார். எந்தச் சாவியால் கையொப்பம் விழுந்தது என்பதிலேயே, நாம் பாடுபட்டு மறைத்த விடை வெளியே தெரிந்துவிடும். ஊரும் தெரிந்துவிடும். மாநிலத்துக்கு ஒரே சாவி வைத்து, அதிகாரியின் பதவியையும் மறைவான வரியாக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் இது கிடைக்காது. வருவாய்த் துறை நடைமுறை தெரிந்த ஒருவர் அணியில் இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் கணிதம் நிரூபிப்பது ஒன்றைத்தான்: அதிகாரி அப்படிச் சொன்னார் என்பதை. வருமானச் சான்றிதழ்களைப் புரட்டினால் 72,000, 96,000 என்ற தொகைகள் திரும்பத் திரும்ப வரும். மாதம் 6,000, 8,000 என்று வைத்துப் பன்னிரண்டால் பெருக்கியவை. பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் போட்டுக்கொடுத்த பிறந்த தேதியோடு வாழ்கிறவர்கள் என் சொந்தத்திலேயே பலர். அந்தத் தேதியையும் எங்கள் நிரூபணம் அப்பழுக்கில்லாமல் நிரூபிக்கும்.

சான்று ரத்தாகிவிட்டதா என்று பார்ப்பது தனிச் சிக்கல். ஒவ்வொரு முறையும் கேட்பவர் வழங்குபவரின் சர்வரைத் தொடர்புகொண்டால், இந்த ஆள் இன்று எங்கெல்லாம் போனார் என்று வழங்குபவருக்குத் தெரிந்துவிடும். ஆதாரின் இணையவழிச் சரிபார்ப்புப் பதிவுகளை ஐந்து ஆண்டு வைத்திருக்கலாம் என்ற விதி முன்பு இருந்தது. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஆறு மாதத்துக்கு மேல் கூடாது என்று வெட்டியது. டபிள்யூ3சி வகுத்த தீர்வு வேறு விதம்: ரத்து நிலையை ஆளுக்கு ஒரு பிட்டாகப் பெரிய பட்டியலில் போட்டு, பட்டியலை மொத்தமாகத் தரவிறக்கச் சொல்கிறது. குறைந்தது 1,31,072 இடங்கள் இருக்க வேண்டும் என்பது விதி. அப்போதுதான் யாரைப் பற்றிப் பார்க்கிறார்கள் என்று தெரியாது. சுருக்காத நிலையிலேயே 16 கிலோபைட்தான். இதை எல்லா இடத்திலும் தயங்காமல் பயன்படுத்தலாம்.

எல்லாம் தயாரானதும் அறக்கட்டளையின் அலுவலகப் பொறுப்பாளரிடம் காட்டினோம். கருவூலத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற அம்மா. மாணவி போனை நீட்டினாள். திரையில் பச்சை டிக், கீழே ஒரே வரி. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"தம்பி, இதுல எதை நான் பைல்ல வைக்கிறது?"

"எதுவும் வைக்க வேண்டாம் மேடம். அதுதான் இதோட நோக்கமே."

"ஆடிட்டர் வருவாரு. இந்தப் பொண்ணுக்கு எதை வச்சுப் பணம் குடுத்தீங்கன்னு கேப்பாரு. பச்சையா டிக் வந்துச்சுன்னு நான் சொல்லவா?"

அவர் கேட்டது நியாயம். தகவலைச் சேர்த்து வைக்கும் ஆசை அவருக்குத் துளியும் கிடையாது. தாள் இல்லாவிட்டால் நாளை தன் தலை உருளும் என்ற அனுபவம்தான் அவரை எல்லாவற்றையும் கேட்க வைத்தது. நம் அலுவலகங்களில் ஜெராக்ஸ் கேட்பவர்களில் பெரும்பாலோர் இந்த ரகம் என்பது என் எண்ணம். அவர்களுக்குப் பயம். எங்கள் துறை நாற்பது ஆண்டாகக் கொடுப்பவரின் ரகசியத்தைப் பற்றி யோசித்த அளவில், கேட்பவரின் பயத்தைப் பற்றிப் பத்தில் ஒரு பங்குகூட யோசிக்கவில்லை.

அவருக்காகச் செய்த மாற்றம் கணிதத்தில் இல்லை. நிரூபணம் என்பது சில நூறு பைட்டுகள். அதையே க்யூஆராக்கி, தேதி, திட்டத்தின் பெயர், விண்ணப்ப எண், நிரூபித்த வரி எல்லாம் சேர்த்து அரைப்பக்க வவுச்சராக அச்சிட்டுக் கொடுத்தோம். ஆடிட்டர் எப்போது வேண்டுமானாலும் ஸ்கேன் செய்து மறுபடி சரிபார்க்கலாம். அதில் சாதிப் பெயர் இருக்காது. அந்த அம்மா அதைத் திருப்பிப் பார்த்து, கீழே தான் கையெழுத்துப் போட இடம் விடச் சொன்னார். விட்டோம். அன்றிலிருந்து அந்த அலுவலகத்தில் ஜெராக்ஸ் கேட்பது நின்றது.

போன் பிரச்சினையையும் சொல்ல வேண்டும். ஆளுக்கொரு போன், போனுக்குள் ஒரு வாலட் என்பது இந்தத் துறையின் சொல்லப்படாத அனுமானம். நாங்கள் சோதித்த மாவட்டத்தில் பல வீடுகளில் நல்ல போன் ஒன்றுதான். அது அண்ணனிடம் இருக்கும், அல்லது அப்பாவோடு வேலைக்குப் போயிருக்கும். அந்த மாணவிகளுக்குத் தாளில் க்யூஆர் அடித்துக் கொடுத்தோம். ஒரு தாளுக்கு ஒரு வரி. தாளால் புதிய நிரூபணத்தை உருவாக்க முடியாது என்பதால் இதில் பிபிஎஸ் கிடையாது. இரண்டு இடத்தில் காட்டினால் ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம். எங்கள் அணியிலேயே இதற்கு எதிர்ப்பு இருந்தது. எனக்குத் தயக்கம் இல்லை. இரண்டு சர்வர்கள் பேசிக்கொள்வது அந்தப் பெண்ணுக்கு என்றோ வரக்கூடிய ஆபத்து. பக்கத்து பெஞ்சுக்குச் சாதி தெரிவது நாளைக் காலை வரும் ஆபத்து.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஒப்புதல் பெற்று வாங்கும் தகவல், சொன்ன நோக்கத்துக்குத் தேவையான அளவோடு நிற்க வேண்டும் என்கிறது சட்டம். முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர, விதிகள் வெளியான நாளிலிருந்து பதினெட்டு மாத அவகாசம். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஆதாரில் முதல் எட்டு எண்களை மறைத்த பிரதியை யுஐடிஏஐ தளத்திலேயே இலவசமாக எடுக்கலாம். லாட்ஜில் அதைக் கொடுங்கள். நீங்களே ஒரு அலுவலகத்தில் விண்ணப்பப் படிவம் தயாரிக்கும் இடத்தில் இருந்தால், அதில் உள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் நேராக, இதை வைத்து யார் என்ன முடிவு எடுக்கிறார் என்று எழுதிப் பாருங்கள். எழுத முடியாத கட்டத்தை அடுத்த அச்சில் எடுத்துவிடுங்கள். அதற்கு எங்கள் மென்பொருள்கூட வேண்டாம்.